நாற்காலி போடுகிறவர்கள்

பெங்களூரின் கம்ப்யூட்டர் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ ஆரம்பிப்பார்கள். கண்ணாடிக் கட்டடங்கள், கம்பெனி பஸ்கள், ராத்திரி ஷிப்ட். ஆனால் அந்தக் கதையின் முக்கியமான ஓர் அத்தியாயம் கன்டோன்மென்ட் பக்கத்தில் தொடங்கியது. 1985இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் இங்கே வந்தபோது அலுவலகம் போட்டது மில்லர்ஸ் ரோட்டில், சோனா டவர்ஸ் என்ற கட்டடத்தில். பிரேசர் டவுனிலிருந்து அது அதிக தூரமில்லை. அமெரிக்காவோடு பேச செயற்கைக்கோள் ஆன்டெனா வேண்டியிருந்தது. அதைச் சுமந்து வந்தது மாட்டு வண்டி. வண்டியும் ஆன்டெனாவும் சேர்ந்திருக்கும் புகைப்படம் பின்னால் பிரசித்தமாயிற்று.

பிரேசர் டவுனுக்கு இந்த மாதிரி ஆரம்பங்கள் புதிதல்ல. 1898இல் பெங்களூரைப் பிளேக் சூறையாடிய பிறகு, நெரிசலிலிருந்து ஜனங்களை வெளியே கொண்டுவர காற்றோட்டமான தெருக்களோடு திட்டமிட்டு எழுப்பப்பட்ட பேட்டைகளில் ஒன்று அது. மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இப்போது அரசாங்கக் காகிதங்களில் அது புலிகேசி நகர். ஆட்டோக்காரர்களுக்கு இன்னும் பிரேசர் டவுன்தான். மாஸ்க் ரோட்டின் ஆல்பர்ட் பேக்கரி 1902இலிருந்து இருக்கிறது. வீட்டில் தமிழ், கடையில் உருது, ஆபீஸில் இங்கிலீஷ், பஸ்ஸில் கன்னடம் என்று ஒரே ஆள் ஒரே நாளில் நாலு பாஷை பேசும் பேட்டை.

கன்டோன்மென்டுக்குத் தமிழர்கள் வந்தது 1809இல் ராணுவம் முகாமிட்ட காலத்திலிருந்து. சிப்பாய்களும் சமையல்காரர்களும் கான்ட்ராக்டர்களும் வந்தார்கள். அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் இருக்கும் மதராஸ் சாப்பர்ஸ் படையின் வீரர்களுக்கு ராணுவத்தில் செல்லப் பெயரே 'தம்பி'. பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் அவர்கள் வேலை. அந்தக் காலத்து டெக்னாலஜிஸ்டுகள் என்று அவர்களைச் சொன்னால் தப்பில்லை. கப்பன் பூங்கா ஓரத்தில் சிவப்பாக நிற்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிக் கொடுத்தவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்ற தமிழ் கான்ட்ராக்டர். சம்பாதித்ததில் அவர் பள்ளிக்கூடங்கள் வைத்தார். அவை இன்றும் அவர் பெயரில் நடக்கின்றன. தொழில் தொடங்கியவன் தான் பிழைத்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் இந்தப் பகுதிக்கு அமெரிக்கப் புத்தகங்களிலிருந்து வரவில்லை.

அந்த எண்ணத்துக்கு இப்போது புதுப் பெயர் கிடைத்திருக்கிறது. ஸ்டார்ட்அப் சமூகம் என்கிறார்கள். மத்திய அரசு 'ஸ்டார்ட்அப் இந்தியா' திட்டத்தைத் தொடங்கியது 2016 ஜனவரியில். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 2015இல், கர்நாடக அரசு தனக்கென்று ஸ்டார்ட்அப் கொள்கை அறிவித்துவிட்டது. அரசு அங்கீகரித்த ஸ்டார்ட்அப் கம்பெனிகளின் எண்ணிக்கை 2025 ஜனவரிக்குள் நாடு முழுவதும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. எண்ணிக்கைகளுக்கு விழா எடுக்க மந்திரிகள் இருக்கிறார்கள். கோடிகளைப் பற்றி எழுதப் பத்திரிகைகள் இருக்கின்றன. ஆனால் ஒரு சனிக்கிழமை காலையில் எங்கோ ஒரு ஹாலைப் பிடித்து, மைக் வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்த்து, டீக்குச் சொல்லி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, தொழில் தெரிந்தவனையும் தொழில் தேடுகிறவனையும் எதிரெதிரே உட்கார வைக்கிற ஆள் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவர் பெரும்பாலும் ஒரு டெக்னாலஜிஸ்ட். சொந்தமாகக் கோடு எழுதத் தெரிந்தவர். அந்த நேரத்தில் தன் வேலையைப் பார்த்திருந்தால் அவருக்குக் காசு வந்திருக்கும். அவர் ஏன் இதைச் செய்கிறார், செய்வதால் ஊருக்கு என்ன கிடைக்கிறது, அவர் போய்விட்டால் என்ன மிஞ்சுகிறது?

ஒரு டெலிபோன் லைன்

பெங்களூரில் இந்தக் கேள்விகளுக்கு மிகத் தெளிவாகப் பதில் சொல்வது அதுல் சிட்னிஸின் வாழ்க்கை. 1962இல் ஜெர்மனியில் பிறந்தவர். அப்பா இந்தியர், அம்மா ஜெர்மானியர். பெல்காமில் வளர்ந்து இன்ஜினியரிங் படித்தவர். 1989இல் அவர் பெங்களூரில் 'சிக்ஸ்' என்ற பெயரில் ஒரு புல்லட்டின் போர்டு ஆரம்பித்தார். இன்டர்நெட் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டர், அதோடு ஒரு மோடம், ஒரு டெலிபோன் லைன். ஊரில் இருக்கும் இன்னொருவர் தன் கம்ப்யூட்டரிலிருந்து அந்த நம்பருக்கு டயல் செய்வார். மோடம் கீச்சிடும். அவர் தன் கேள்வியை எழுதி வைத்துவிட்டு லைனைத் துண்டிப்பார். அடுத்து வருகிறவர் அதைப் படித்துப் பதில் எழுதி வைப்பார். ஊர்ச் சாவடித் திண்ணை எப்படியோ அப்படி, ஆனால் ஒவ்வொருவராக வந்து உட்கார வேண்டிய திண்ணை.

பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க வி.எஸ்.என்.எல். முன்வந்தது 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதிதான். அதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே பெங்களூரில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லித் தெரிந்துகொள்ள இந்த மாதிரித் திண்ணைகள் உதவின. தொண்ணூறுகளின் நடுவில் தொலைத்தொடர்புத் துறை இந்த போர்டுகளிடம் லட்சக்கணக்கில் உரிமக் கட்டணம் கேட்க முற்பட்டபோது, நாடெங்கும் அவற்றை நடத்தியவர்கள் சேர்ந்து எதிர்த்தார்கள். லாபமே இல்லாத ஒன்றுக்கு லைசென்ஸ் கட்டணம் எங்கிருந்து வரும்? அரசாங்கத்தோடு வாதாட, தனித்தனியாக இருந்தவர்கள் ஒரு கூட்டமாக வேண்டியிருந்தது. கூட்டமாவதற்கு முன்பே பழக்கம் இருந்ததால் அது முடிந்தது.

இந்த மாதிரி இடங்களிலிருந்துதான் கம்பெனிகள் பிறக்கின்றன என்பதற்கு உலக உதாரணம் உண்டு. 1975 மார்ச்சில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் ஃப்ரெஞ்ச் என்பவர் வீட்டு கராஜில், 'ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப்' முதன்முதலாகக் கூடியது. அங்கே வந்துகொண்டிருந்த ஸ்டீவ் வாஸ்னியாக் தான் வடிவமைத்த கம்ப்யூட்டரின் வரைபடத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். அதுவே ஆப்பிள் கம்பெனியின் முதல் சரக்காயிற்று. அமெரிக்காவின் இரண்டு தொழில்நுட்ப வட்டாரங்களை ஒப்பிட்டு 1994இல் புத்தகம் எழுதிய அனலீ சாக்ஸேனியன் சொன்ன காரணமும் கிட்டத்தட்ட இதுதான். பாஸ்டன் பக்கத்துக் கம்பெனிகள் ஒவ்வொன்றும் தன் மதிலுக்குள் இருந்தன. சிலிக்கான் வேலியில் ஆட்கள் கம்பெனி மாறினார்கள், பழைய சகாக்களோடு பேசினார்கள், தெரிந்ததைச் சொன்னார்கள். காலப்போக்கில் மதில் கட்டியவர்கள் தேய்ந்தார்கள், பேசியவர்கள் வளர்ந்தார்கள்.

எடுப்பவரும் கொடுப்பவரும்

அதுல் சிட்னிஸ் 'பிசி குவெஸ்ட்' பத்திரிகையில் வெகுகாலம் எழுதினார். 1996இல் அந்தப் பத்திரிகை லினக்ஸ் இயங்குதளத்தை சி.டி.யில் போட்டு இதழோடு கொடுத்ததில் அவருக்கு முக்கியப் பங்கு. டெலிபோன் லைனில் அவ்வளவு பெரிய சாஃப்ட்வேரை இறக்குவது அன்று நடக்காத காரியம். பத்திரிகை விலைக்கு அது வீடு தேடி வந்தது. சின்ன ஊர்களில் இருந்த மாணவர்கள் பலர் லினக்ஸை முதலில் தொட்டது அந்த சி.டி.க்களின் மூலம்தான்.

2001இல் அவரும் நண்பர்களும் 'லினக்ஸ் பெங்களூர்' மாநாட்டை ஆரம்பித்தார்கள். 2005இல் அதன் பெயர் 'ஃபாஸ் டாட் இன்' ஆயிற்று. நடத்தியவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். வெளிநாடுகளிலிருந்து லினக்ஸின் முன்னணிப் புரோகிராமர்கள் வந்தார்கள். கல்லூரி மாணவன் ஒருவன், தான் பாடப் புத்தகத்தில் பெயர் பார்த்தவரோடு வராந்தாவில் நின்று டீ குடிக்கலாம்.

கூட்டம் பெருகப் பெருக சிட்னிஸுக்கு ஒரு மனக்குறை வளர்ந்தது. இந்தியர்கள் இலவச சாஃப்ட்வேரை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள், அதற்குத் திருப்பித் தருவதில்லை என்பது அது. பேச்சைக் கேட்டுப் போக வந்த கூட்டத்தை விட, உட்கார்ந்து எதையாவது எழுதி உலகத் திட்டங்களுக்குப் பங்களிக்கும் சிறு கூட்டம் போதும் என்று மாநாட்டின் போக்கையே அவர் திருப்பினார். முகத்துக்கு நேரே பேசுகிறவர். அதனால் நண்பர்களும் சேர்ந்தார்கள், மனஸ்தாபங்களும் சேர்ந்தன. 2012இல் நடந்ததே கடைசி மாநாடு. 2013 ஜூன் 3ஆம் தேதி, 51ஆம் வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று.

மாநாடு நின்றுபோனதை வைத்து அவர் தோற்றார் என்று சொல்ல முடியாது. அங்கே சந்தித்துக்கொண்டவர்கள் பல கம்பெனிகளில், பல கூட்டங்களில் தொடர்ந்தார்கள். ஆனால் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு மனிதரின் உழைப்பிலும் பிடிவாதத்திலும் நிற்கிற அமைப்பு அந்த மனிதரின் களைப்போடு களைத்துப் போகும். நாற்காலி போடுகிறவர் இரண்டாவது ஆளைப் பழக்காவிட்டால், ஒரு நாள் ஹால் காலியாக இருக்கும்.

டிக்கெட் வாங்கலாமா?

2006இல் பெங்களூருக்கு 'பார்கேம்ப்' வந்தது. முந்தைய ஆண்டு கலிபோர்னியாவில் பிறந்த பழக்கம் அது. முன்கூட்டி நிர்ணயித்த பேச்சாளர் கிடையாது, கட்டணம் கிடையாது, தலைமை உரை கிடையாது. வருகிறவர்கள் தாங்கள் பேச நினைப்பதை ஒரு பலகையில் எழுதுவார்கள். பிடித்தவர்கள் அந்த அறைக்குப் போவார்கள், பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து அடுத்த அறைக்குப் போவார்கள். பாதியில் எழுவது அவமரியாதை என்று பழகிய நம் கூட்டங்களுக்கு இது புதுசு. பொன்னாடையும் வரவேற்புரையும் இல்லாமல் ஒரு கூட்டம் நடக்கும் என்பதே பலருக்கு ஆச்சரியம்.

அந்த வட்டாரத்தில் முனைப்பாக இருந்தவர்களில் ஒருவர் கிரண் ஜொன்னலகட்டா. புரோகிராமர். 2010இல் அவரும் ஆய்வாளர் ஜைனப் பாவாவும் சேர்ந்து 'ஹாஸ்கீக்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தொண்டர்களின் கூட்டத்துக்கும் இதற்கும் வித்தியாசம், இது கம்பெனி. மாநாட்டுக்கு டிக்கெட் உண்டு, நடத்துகிறவர்களுக்குச் சம்பளம் உண்டு. ஆனால் யார் என்ன பேசப் போகிறார் என்ற முன்மொழிவுகளை எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்கள். மற்றவர்கள் அதைக் கேள்வி கேட்கலாம். ஸ்பான்சர் பணம் கொடுத்தவர் என்பதால் மேடை கிடைத்துவிடாது. புள்ளிவிவரத் தொழில்நுட்பத்துக்காக 2012இல் அவர்கள் தொடங்கிய 'ஃபிஃப்த் எலிஃபன்ட்' மாநாடு நாடறிந்ததாயிற்று.

நட்பாகக் கூடும் கூட்டத்துக்குக் காசு வாங்குவதா என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. கோயில் அன்னதானத்துக்கு டோக்கன் போட்டது போல அவர்களுக்குப் பட்டது. ஆனால் யோசித்தால் நியாயம் வேறு. ஹாலுக்கு வாடகை யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். வருகிறவர் கொடுக்காவிட்டால் ஸ்பான்சர் கொடுப்பார். ஸ்பான்சர் கொடுத்தால் அவர் விற்கிற சரக்கைப் பற்றி ஒரு பேச்சு கேட்க வேண்டியிருக்கும். இரண்டுமில்லாவிட்டால் நடத்துகிறவர் தன் உறக்கத்திலிருந்தும் குடும்பத்திலிருந்தும் கொடுப்பார். இலவசக் கூட்டம் என்று ஒன்று கிடையாது. செலவு யார் தலையில் என்பது மட்டுமே கேள்வி. மேலும், சம்பளம் இல்லாமல் ஊருக்கு உழைக்க முடிந்தவர் யார்? ஏற்கெனவே நல்ல சம்பளத்தில் இருப்பவர், வீட்டில் சமைத்துப் போட ஆள் உள்ளவர். தொண்டு மட்டுமே தகுதி என்றால் மேடையில் எப்போதும் அவர்களே இருப்பார்கள்.

சமூகம் என்று ஒன்று இருப்பதன் பலன் 2015இல் தெரிந்தது. இன்டர்நெட்டில் சில சேவைகளுக்கு ஒரு கட்டணம், மற்றவைக்கு வேறு கட்டணம் என்று பிரிக்கலாமா என டிராய் அமைப்பு அந்த ஆண்டு மார்ச்சில் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. அப்படிப் பிரித்தால் புதிதாகத் தொழில் தொடங்குகிறவன் பெரிய கம்பெனிகளோடு போட்டியிட முடியாது. ஜொன்னலகட்டா உள்ளிட்ட தொண்டர்கள் சில நாட்களில் ஒரு பிரசாரத்தைக் கட்டினார்கள். ஒரு மாதத்துக்குள் பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் டிராய்க்குப் போயின. 2016 பிப்ரவரியில் டிராய் அந்தப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் பிறந்தது. வார இறுதிகளில் ஒன்றாக உட்கார்ந்து பழகியவர்கள் இல்லாமல் இவ்வளவு வேகம் நடந்திருக்காது.

தொண்டரை யார் கேட்பது?

இதே பெங்களூரில் தொண்டு என்ற சொல்லுக்கு இன்னொரு பெரிய உதாரணமும் உண்டு. 2013 பிப்ரவரியில் உருவான 'ஐஸ்பிரிட்'. சாஃப்ட்வேர் தயாரிப்புக் கம்பெனிகளுக்கென்று தனிக் குரல் வேண்டும் என்று நினைத்தவர்கள் ஆரம்பித்தது. முன்னணியில் நின்றவர் சரத் சர்மா, யாஹூவின் இந்திய ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். ஒரு தொழிலதிபர் தான் பட்டுத் தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுப்பது அவர்கள் நடத்திய வட்டமேசைகளின் முறை. பலன் கண்கூடு. அந்த வட்டத்தின் முயற்சியில் 2015இல் சென்னையில் தொடங்கிய சந்திப்பிலிருந்து வளர்ந்ததுதான் 'சாஸ்பூமி' என்ற அமைப்பு. சென்னையின் சாஃப்ட்வேர் கம்பெனிகள் ஒன்றுக்கொன்று விலை வைப்பது எப்படி, அமெரிக்காவில் விற்பது எப்படி என்று சொல்லிக்கொண்டன. 2010இல் சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நியூயார்க்கின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானபோது மகிழ்ந்தவர்களில் அந்தக் கம்பெனியின் போட்டியாளர்களும் இருந்திருந்தால் ஆச்சரியமில்லை.

ஐஸ்பிரிட் தொண்டர்கள் அதோடு நிற்கவில்லை. ஆதாரின் மேல் கட்டப்பட்ட டிஜிட்டல் வசதிகளின் வடிவமைப்பில் உதவினார்கள். 2016 ஏப்ரல் 11ஆம் தேதி அறிமுகமான யு.பி.ஐ. முறையிலும் அவர்கள் கை இருந்தது. இன்று மாஸ்க் ரோட்டில் சமோசா விற்பவரின் தள்ளுவண்டியில் தொங்கும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்குப் பின்னால் அவர்கள் உழைப்பும் உண்டு. பெரிய சேவை. ஆனால் இங்கே ஒரு கேள்வி முளைக்கிறது. தேர்தலில் நிற்காத, அரசுச் சம்பளம் வாங்காத ஒருவர், நூறு கோடிப் பேரின் அன்றாடத்தைத் தீர்மானிக்கும் ஒன்றை வடிவமைக்க உதவும்போது, அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்?

2017 மே மாதத்தில் அந்தக் கேள்வி விரும்பத்தகாத உருவத்தில் வந்தது. ஆதாரை விமர்சித்தவர்களைச் சில அநாமதேய ட்விட்டர் கணக்குகள் தொடர்ந்து சீண்டின. அதன் பின்னால் சரத் சர்மா இருப்பதாகப் பகிரங்கமாகச் சொன்னவர் கிரண் ஜொன்னலகட்டா. முதலில் மறுப்பு. பின்னர் தன் நிதானம் தவறியதை ஒப்புக்கொண்டு சர்மா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே வட்டம். இருவருமே சமூகத்துக்காக நேரம் கொடுத்தவர்கள். ஒருவர் அரசோடு சேர்ந்து கட்டினால் நாடு முன்னேறும் என்றார். மற்றவர் கட்டுகிறவர்களைக் கேள்வி கேட்டால்தான் நாடு தப்பிக்கும் என்றார்.

2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் ஆதாரை ஏற்றுக்கொண்டே, தனியார் கம்பெனிகள் அதைப் பயன்படுத்த வழிவிட்ட பகுதியை அடித்தது. 2019இல் சட்டம் திருத்தப்பட்டு, விருப்பத்தின் பேரில் என்ற நிபந்தனையோடு அந்தக் கதவு ஓரளவு திறந்தது. வழக்கு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைவிட, சண்டை வெளிச்சத்தில் நடந்தது என்பது முக்கியம். தொண்டர் என்ற பட்டம் விமர்சனத்துக்கு விதிவிலக்கு அல்ல. சம்பளம் வாங்குகிறவனை முதலாளி கேட்பான், ஓட்டு வாங்குகிறவனை வாக்காளன் கேட்பான். எதுவுமே வாங்காதவனைக் கேட்க அவனுடைய சகாக்கள் மட்டுமே இருக்கிறார்கள். அவர்களும் சும்மா இருந்துவிட்டால், நல்லெண்ணமே ஒரு அதிகாரமாகிவிடும்.

கூட்டமாக நின்றதால் மெதுவாகவேனும் தீர்ந்த விஷயங்களும் உண்டு. பட்டியலிடப்படாத கம்பெனி ஒன்று தன் பங்குகளை 'நியாய விலை'க்கு மேல் விற்றால், மேலதிகப் பணத்தை வருமானமாகக் கருதி வரி போடும் சட்டம் 2012இல் வந்தது. கறுப்புப் பணத்தைப் பிடிக்க என்றார்கள். மாட்டிக்கொண்டவர்கள் நேர்மையாக முதலீடு வாங்கிய இளைஞர்களும்தான். இன்னும் ஒரு ரூபாய் சம்பாதிக்காத கம்பெனிக்கு நியாய விலை எது என்று வருமான வரி அதிகாரி எப்படிச் சொல்வார்? விலக்கு மேல் விலக்காகக் கொடுத்துப் பார்த்து, கடைசியில் 2024 ஜூலை பட்ஜெட்டில் அந்த 'ஏஞ்சல் வரி'யையே எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் மனு எழுதி, கணக்குக் காட்டி, டெல்லிக்கு நடையாய் நடந்தது யாரோ ஒரு கோடீஸ்வரர் மட்டுமல்ல.

எந்தப் பாஷையில்?

கொலராடோ மாநிலத்தின் போல்டர் என்ற சிறு நகரத்தை வைத்து பிராட் ஃபெல்ட் 2012இல் ஸ்டார்ட்அப் சமூகங்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சமூகத்தைத் தொழில் செய்கிறவர்களே நடத்த வேண்டும், அரசும் பல்கலைக்கழகமும் ஊட்டம் கொடுக்கலாம், இருபது வருஷக் கணக்கில் யோசிக்க வேண்டும், வருகிற யாரையும் உள்ளே விட வேண்டும் என்பவை அவர் நிபந்தனைகள். முதல் மூன்றில் பெங்களூர் தேறிவிடும். நாலாவதில்தான் தடுமாற்றம்.

வாசலில் யாரும் தடுப்பதில்லை என்பது உண்மை. ஆனால் கூட்டங்கள் நடப்பது கோரமங்களாவில், இந்திரா நகரில், எச்.எஸ்.ஆர். லே-அவுட்டில். பேச்சு இங்கிலீஷில். பிரேசர் டவுனில் வீட்டோடு சேர்ந்த ஒர்க்‌ஷாப்பில் அப்பாவுக்கு லேத்தில் உதவுகிற ஒரு பையனை நினைத்துப் பார்க்கலாம். எந்தப் பாகம் எத்தனை நாளில் தேயும் என்று அவனுக்குத் தெரியும். அந்த அறிவை வைத்து ஒரு கம்பெனியே தொடங்கலாம். ஆனால் அதை ஐந்து நிமிஷத்தில் இங்கிலீஷில், படம் காட்டிச் சொல்ல அவனால் முடியாது. அவன் உள்ளே வராததை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். வராதவனுக்கு வருகைப் பதிவு கிடையாதே.

இதற்கு மாற்று யோசித்த டெக்னாலஜிஸ்டுகளும் இதே ஊரில் இருந்தார்கள். பன்னேர்கட்டா ரோடு பக்கத்தில் சுதர்சன் லே-அவுட் குடிசைப் பகுதியில், 2000களின் பிற்பாதியில், அம்பேத்கர் பெயரில் ஒரு சமுதாயக் கம்ப்யூட்டர் மையம் தொடங்கியது. சுதந்திர சாஃப்ட்வேர் இயக்கத்தைச் சேர்ந்த இளம் இன்ஜினியர்கள் வார இறுதிகளில் வந்து சொல்லிக் கொடுத்தார்கள். சில கம்ப்யூட்டர்கள், காசில்லாத சாஃப்ட்வேர். ஏரியாப் பிள்ளைகள் ஜிம்ப் என்ற வரைகலைச் செயலியில் படம் போடக் கற்றார்கள். விலை கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் மட்டுமே இருந்திருந்தால் இந்த மையம் வந்திருக்காது. சிட்னிஸ் காலத்தில் மாநாட்டு மண்டபத்தில் பேசப்பட்ட சித்தாந்தம் ஒரு சந்துக்குள் வந்து சேர்ந்த வழி இது.

தமிழ்நாட்டில் இன்னொரு வழி. சென்னையின் லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை கூடும் வழக்கத்தைப் பல்லாண்டுகள் காத்தது. காஞ்சிபுரத்தில் ஒரு குழு, விழுப்புரத்தில் ஒரு குழு என்று அது கிளை விட்டது. அந்த வட்டத்திலிருந்து வந்த த. சீனிவாசனும் நண்பர்களும் 2012 ஜனவரியில் 'கணியம்' என்ற மின்னிதழைத் தொடங்கினார்கள். கம்ப்யூட்டர் பாடங்களைத் தமிழிலேயே எழுதி, யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம் என்ற உரிமத்தோடு வெளியிட்டார்கள். எழுதியவர்களில் பலர் பகலில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை பார்த்தவர்கள். கலைச்சொல் சரியா தப்பா என்று சண்டை போட ஆள் கிடைப்பது தமிழில் எளிது. உட்கார்ந்து ஒரு பாடத்தை முடித்துக் கொடுக்க ஆள் கிடைப்பதுதான் அரிது. அவர்கள் முடித்துக் கொடுத்தார்கள். லினக்ஸ் என்றால் என்ன என்று தமிழில் தேடுகிற ஒரு டிப்ளமோ மாணவிக்குப் படிக்க ஏதோ இருக்கிறதென்றால் காரணம் அதுதான்.

இவை ஸ்டார்ட்அப் கணக்கில் வருமா என்று கேட்கலாம். பங்கு விலை இல்லை, முதலீட்டாளர் இல்லை. ஆனால் பயிர் வேண்டுகிறவன் நாற்றங்காலைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியாது. அந்த மாணவி நாளைக்கு ஒரு கம்பெனி தொடங்கினால், அரசாங்கப் புள்ளிவிவரத்தில் அவள் பெயர் சேரும். அவளுக்கு முதல் பாடத்தை எழுதியவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் சேராது. அவரும் அதற்காக எழுதவில்லை.

2020இல் கொரோனா வந்து ஹால்கள் பூட்டப்பட்டன. கூட்டங்கள் திரைக்குள் போயின. அதனால் திருநெல்வேலியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஒருவர் பெங்களூர்க் கூட்டத்தில் கலந்துகொள்ள முடிந்தது. ஆனால் கூட்டம் முடிந்த பின் வராந்தாவில் நின்று பேசுகிற அந்த அரை மணி நேரம் திரைக்குள் வரவில்லை. வேலை கேட்பதும், கூட்டாளி கிடைப்பதும், "உன் யோசனை தேறாது, இப்படி மாற்றிப் பார்" என்று மூத்தவர் தனியாகச் சொல்வதும் அந்த அரை மணியில்தான். ஹால்கள் மறுபடி திறந்தபோது பலர் திரும்பி வந்தது பேச்சைக் கேட்பதற்காக அல்ல, அந்த வராந்தாவுக்காகத்தான்.

பிரேசர் டவுனிலும் ஹால்களுக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூடங்கள், மாதா கோயில் கூடங்கள், கல்யாண மண்டபங்கள் என்று சனிக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும் இடங்கள் எத்தனையோ. கோரமங்களாவுக்குப் பஸ் ஏறிப் போக வேண்டியதில்லை. தமிழும் உருதும் கன்னடமும் கலந்து பேசினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அந்தப் பேட்டை பேசுவதே அப்படித்தான். நூறு வருஷத்துக்கு முன்னால் பிளேக்குக்கு நடுவில் காற்றோட்டமான தெருக்கள் வேண்டும் என்று யாரோ யோசித்தார்கள். கான்ட்ராக்டில் சம்பாதித்த ஒருவர் பள்ளிக்கூடம் வைத்தார். லேத் பட்டறைப் பையனுக்கு இன்றைக்குத் தேவைப்படுவது அவ்வளவு பெரிய காரியம்கூட இல்லை. கோடு எழுதத் தெரிந்த ஒருவர், மாதம் ஒரு சனிக்கிழமை, முப்பது நாற்காலிகள். அதோடு, அவர் வர முடியாத சனிக்கிழமையில் நாற்காலி போட இன்னொருவர்.